பிராங்கன்மூத்: இரண்டு மணி நேரம் கடையா, ஒரு ராத்திரி ஊரிலா?

மிச்சிகன் மல்லிகை · டிசம்பர் 3

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் நாங்கள் நான்கு பேர் (நான், கணவர், 8 வயது மகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார்) மிச்சிகனில் ஜெர்மானியர் உருவாக்கிய பிராங்கன்மூத் என்ற ஊருக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வந்தோம். டெட்ராய்ட் பக்கம் 11 வருஷமாக இருக்கிறோம். இதற்கு முன்னால் மூன்று தடவை போயிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் பிரானர்ஸ் என்ற பெரிய கிறிஸ்துமஸ் சாமான் கடைக்குள் நுழைவோம், இரண்டு மணி நேரம் சுற்றுவோம், ஒரு பை நிறைய வாங்குவோம், திரும்பும்போது பிர்ச் ரன் அவுட்லெட்டில் ஜாக்கெட் பார்ப்போம், வீடு வந்து சேர்வோம். இந்தத் தடவை தங்கினதால்தான் அந்தக் கடைக்கு அப்பால் ஒரு ஊர் இருப்பதே தெரிந்தது. யாராவது இந்த மாதம் போவதாக இருந்தால் தயவுசெய்து ஒரு ராத்திரி ஒதுக்குங்கள். அதைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

வழி சுலபம். ஐ-75-ல் வடக்கே போய் 136-ம் எக்ஸிட்டில் இறங்கினால் எம்-83 சாலை. டெட்ராய்ட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஊருக்குள் நுழையும் முன்பே பிரானர்ஸ் வந்துவிடும். கட்டடம் மட்டும் 7 ஏக்கருக்கு மேல். வருஷத்தில் 361 நாள் திறந்திருக்கும். புத்தாண்டு, ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் நாலு நாளுக்குத்தான் விடுமுறை. ஆரம்பித்தவர் வாலி பிரானர். 1945-ல், பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே, பெயர்ப்பலகை எழுதத் தொடங்கியவர். 1951-ல் கிளேர் என்கிற மிச்சிகன் ஊர் வியாபாரிகள், தெருவிளக்குக் கம்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். அங்கே ஆரம்பித்தது. உள்ளே போகும்போது எந்த வாசலில் நுழைந்தோம் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரை ஒரு தடவை தொலைத்துவிட்டு அரை மணி நேரம் தேடினேன். தேவதைகள் வைத்திருக்கும் பகுதியில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார்.

சரி, கடையை விடுங்கள். அதே வளாகத்தில், ஓரமாக, எண்கோண வடிவத்தில் சின்னதாக ஒரு சிற்றாலயம் இருக்கிறது. மூன்று தடவையும் அதைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டார்ஃப் என்ற ஊரில் 1818 டிசம்பர் 24 அன்று 'சைலண்ட் நைட்' பாடல் முதன்முதலாகப் பாடப்பட்டது. வரிகள் ஜோசப் மோர் என்ற குருவானவருடையவை, மெட்டு பிரான்ஸ் குரூபர் என்ற ஆசிரியருடையது. அந்த ஊரில் இப்போது இருக்கும் நினைவு ஆலயத்தைப் பார்த்து, அதே மாதிரி 1992-ல் இங்கே கட்டியிருக்கிறார்கள். போகும் பாதை நெடுக அந்தப் பாடலை 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் பலகைகளாக வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. கடையின் இரைச்சலிலிருந்து வெளியே வந்து பனியில் அந்தப் பாதையில் நடந்தபோது மகள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை.

ராத்திரி தங்கினால்தான் கிடைப்பது இன்னொன்று. கிறிஸ்துமஸ் லேன் என்று அரை மைல் தூரத்துக்கு விளக்குச் சாலை. வருஷம் முழுக்க, அந்தி சாய்ந்ததிலிருந்து நடுராத்திரி வரைக்கும் எரியும். ஏழு மணிக்கு மேல் கூட்டம் கலைந்ததும் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு இரண்டு தடவை போய் வந்தோம். அப்புறம் மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்தோம், காஸ் ஆற்றின் மேல் இருக்கும் கூரை போட்ட மரப்பாலம் வரை. பாலத்துக்குள் காற்று இல்லை, மர வாசனை மட்டும். மாமியார் அங்கேயே பத்து நிமிஷம் நின்றுவிட்டார்.

சாப்பாடு பற்றித் தனியாக எழுத வேண்டும். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

ட்ராய் அப்பா · டிசம்பர் 3

நல்ல பதிவு. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. டிசம்பரில் அங்கே விடுதி வாடகை சாதாரண நாளை விட நிறைய அதிகம். ஒன்றரை மணி நேரத் தூரம்தானே, காலையில் போய் ராத்திரி விளக்கும் பார்த்துவிட்டுத் திரும்பினால் என்ன? டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தங்கும் செலவைக் கொண்டு வேறு எவ்வளவோ செய்யலாம். இன்னொன்று, எனக்கு அந்த ஊரே ஒரு பெரிய கடை மாதிரித்தான் தோன்றியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃபட்ஜ் கடை, சீஸ் கடை, பரிசுப்பொருள் கடை.

மிச்சிகன் மல்லிகை · டிசம்பர் 4

அண்ணா, செலவு பற்றி நீங்கள் சொல்வது நியாயம்தான். நாங்கள் செவ்வாய்க்கிழமை போனோம், வாடகை பாதிக்குப் பாதி குறைவு. சனிக்கிழமை போகாதீர்கள். போன வருஷம் சனிக்கிழமைக்குப் பதிவு செய்திருந்த விடுதியில் (பெயர் வேண்டாம்) எங்கள் பதிவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பனி கொட்டும்போது ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தையோடு காரைத் திருப்பினோம். எல்லா இடமும் நிரம்பியிருந்தது. ஆகவே எல்லோரும் முந்தின நாளே கூப்பிட்டு ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு, கடைகள் திறக்கும் முன், அதே தெருவில் நடந்து பாருங்கள். பேக்கரியில் உள்ளூர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். ஊருக்குள்ளேயே 1870-லிருந்து நடக்கும் மாவு மில் ஒன்று, ஸ்டார் ஆஃப் தி வெஸ்ட் என்று. சாலை ஓரம் கோதுமை, சர்க்கரை பீட்ரூட் வயல்கள். வேலை செய்து பிழைக்கும் ஊர் அது. பகலில் வந்து பகலில் போனால் அது கண்ணில் படாது.

ஸ்காபரோ தோழி · டிசம்பர் 4

அக்கா, நாங்கள் ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு வர யோசிக்கிறோம். 402 நெடுஞ்சாலையில் சார்னியா வந்து, புளூ வாட்டர் பாலத்தால் கடந்து, ஃபிளின்ட் வழியாக வருவதுதானே சுகமான பாதை? டெட்ராய்ட் பக்கம் சுற்றத் தேவையில்லைத்தானே? அம்மாவும் வருவா. அவ மார்கழி மாதம் முழுக்க மரக்கறி. கோழிச் சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர் என்கிறார்கள், அவ என்ன சாப்பிடுவா?

மிச்சிகன் மல்லிகை · டிசம்பர் 5

அதேதான் வழி. ஐ-69-ல் ஃபிளின்ட் வந்து ஐ-75-ல் வடக்கே திரும்பிவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் என் மாமியாரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அதனால் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மெயின் ஸ்ட்ரீட்டில் எதிரெதிராக இரண்டு பெரிய உணவகங்கள்: ஜேண்டர்ஸ், பவேரியன் இன். ஜேண்டர் குடும்பம் 1928-ல் ஒரு பழைய ஓட்டலை வாங்கி மறுவருஷம் திறந்தது ஜேண்டர்ஸ். 1950-ல் எதிரில் இருந்த ஃபிஷர்ஸ் ஓட்டலையும் அதே குடும்பம் வாங்கியது. 1959-ல் அதற்குப் பவேரியன் இன் என்று பெயர் வைத்து முகப்பையும் மாற்றினார்கள். இன்று ஊர் முழுக்க நாம் பார்க்கிற அந்த மரச்சட்டக் கட்டட பாணி அப்புறம்தான் பரவியது.

இங்கே சாப்பாடு நம் பந்தி மாதிரி. ஒரே மேசையில் குடும்பமாக உட்கார வேண்டும், பாத்திரம் பாத்திரமாக வரும், எது தீர்ந்தாலும் மறுபடி கொண்டுவந்து வைப்பார்கள். முதலில் ரொட்டி வகைகள், பூசிக்கொள்ளச் சீஸ், கோஸ் சாலட், கோழி நூடுல்ஸ் சூப். அப்புறம் பொரித்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி, வெண்ணெய் போட்ட முட்டை நூடுல்ஸ், ஒரு காய்கறி. கடைசியில் ஐஸ்கிரீம். மாமியார் ரொட்டி, சீஸ், கோஸ், கிரேவி ஊற்றாத உருளைக்கிழங்கு, காய்கறி என்று வயிறு நிறையச் சாப்பிட்டார். கிரேவியும் ரொட்டித் திணிப்பும் (ஸ்டஃபிங்) கோழிச் சாறில் செய்வது, அதைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்ததுமே பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால் அவர்களே எடுத்துச் சொல்வார்கள். எங்களுக்குப் பரிமாறிய அம்மா மாமியாருக்காகச் சூடான ரொட்டியைத் தனியாக இரண்டு தடவை கொண்டுவந்து வைத்தார்.

கணவரும் மகளும் கோழியை ஒரு கை பார்த்தார்கள். காரம் கிடையாது, உப்பும் மிளகும் மட்டும்தான், ஆனால் தோல் நன்றாக மொறுமொறுவென்று இருக்கும். ஊறுகாய் கொண்டுபோங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வேளை அவர்கள் சமைக்கிற மாதிரியே சாப்பிட்டுப் பாருங்கள்.

நூரம்பெர்க் நிலா · டிசம்பர் 6

நான் ஜெர்மனியில் எர்லாங்கனில் வேலை செய்கிறேன், நூரம்பெர்க் பக்கத்து ஊர். இழையைப் படித்ததும் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பிராங்கன்மூத்தை உருவாக்கியவர்கள் பிராங்கோனியாக்காரர்கள், அதாவது நான் இருக்கும் இதே பகுதி. ஊர்ப் பெயருக்கே 'பிராங்கோனியரின் துணிவு' என்று அர்த்தம். ஆனால் முகப்புகளில் காட்டுவது ஆல்ப்ஸ் மலை அடிவாரத்துப் பவேரியா. பிராங்கோனியா பவேரியா மாநிலத்துக்குள் வந்ததே 1800-களின் தொடக்கத்தில்தான். இன்றைக்கும் இங்கே ஒருவரைப் 'பவேரியர்' என்று சொன்னால் உடனே திருத்துவார். பிரானர்ஸில் விற்கும் அந்த ஊறுகாய் வெள்ளரி ஆர்னமென்ட் இருக்கிறதே, மரத்தில் ஒளித்து வைத்து முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பரிசு என்று, ஜெர்மன் வழக்கம் என்று சொல்லி விற்பது, அதை என் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அது அமெரிக்காவில் பிறந்த பழக்கம்.

கிறிஸ்துமஸ் ஊர் பார்க்க ஆசைப்படுபவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது நூரம்பெர்க் சந்தைக்கு வாருங்கள். அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள்) முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளியன்று தொடங்கி டிசம்பர் 24 வரை நடக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்ப் பெண் ஒருத்தியைக் 'கிறிஸ்ட்கிண்ட்' (குழந்தைக் கிறிஸ்து) ஆகத் தேர்ந்தெடுப்பார்கள். தங்கச் சுருள் முடியும் பொன்னாடையுமாக அவள் ஃபிராவன்கிர்ஷெ ஆலய மாடத்தில் நின்று சந்தையைத் திறந்து வைப்பாள். கீழே சதுக்கம் முழுக்க ஒரு சத்தம் இருக்காது. விரல் நீளச் சின்ன சாசேஜ் மூன்றை ஒரு பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். உலர்ந்த பிளம் பழத்தில் செய்த மனுஷ பொம்மைகள் விற்பார்கள்.

அப்புறம் லெப்கூகன், தேனும் மசாலாவும் சேர்த்துச் செய்யும் கிறிஸ்துமஸ் பிஸ்கட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் பங்கும் உண்டு. மத்திய காலத்தில் நூரம்பெர்க் பெரிய மசாலா வணிக நகரம். சுற்றிலும் இருந்த காட்டில் தேன் கிடைத்தது. வெனிஸ் வழியாக இஞ்சி, ஏலக்காய், பட்டை, கிராம்பு எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த ஏலக்காய் வேறெங்கிருந்து வந்திருக்கும்? நம் மேற்குத் தொடர்ச்சி மலை. இதில் உயர்ந்த வகைக்கு எலிசன் லெப்கூகன் என்று பெயர். குறைந்தது 25 சதவீதம் பாதாம் மாதிரியான கொட்டைப் பருப்பு இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் கடியில் எனக்கு வீட்டுப் பாயச வாசனை வந்தது.

மிச்சிகன் மல்லிகை · டிசம்பர் 6

நிலா, வெள்ளரிக் கதையை நம்பி நானும் ஒன்று வாங்கிவிட்டேன். பரவாயில்லை, மகள் தேடத்தான் போகிறாள். லெப்கூகன் விஷயம் அருமை.

டோலிடோ நாஞ்சிலான் · டிசம்பர் 7

இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள். ஆனால் அந்த ஊரின் நடுநாயகமான விஷயத்தை யாரும் தொடவில்லையே என்று தவிப்பாக இருக்கிறது. செயின்ட் லோரன்ஸ் ஆலயம்.

1845-ல் 15 பேர் கப்பலேறி வந்து காட்டை வெட்டி உருவாக்கிய ஊர் பிராங்கன்மூத். பவேரியாவில் நாயன்டெட்டல்சாவ் என்ற கிராமத்துப் போதகர் வில்ஹெல்ம் லோஹே அனுப்பிய லூத்தரன் விசுவாசிகள். தங்களுக்கு ஒரு சபை, பக்கத்திலிருந்த சிப்பேவா பழங்குடி மக்களுக்கு நற்செய்தி, இரண்டும் நோக்கம். தலைமை தாங்கியவர் போதகர் ஆகஸ்ட் கிரேமர். அவர்கள் ஊன்றிய சபைதான் செயின்ட் லோரன்ஸ். இன்று நிற்கும் கட்டடம் 1880-ல் கட்டியது. கடையெல்லாம் வருவதற்கு நூறு வருஷம் முன்பே அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு என்ன என்றால், 1847-ல் மிசூரி சினட் என்ற லூத்தரன் திருச்சபை உருவானபோது அதன் ஆரம்பச் சபைகளில் இதுவும் ஒன்று. அதே மிசூரி சினட் 1895-ல் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கியது. பிறகு ஆம்பூர், நாகர்கோவில் எல்லாம். ஆம்பூர் பெதஸ்தா மருத்துவமனை, நாகர்கோவில் கன்கார்டியா இறையியல் கல்லூரி எல்லாம் அந்த வேரில் வந்தவைதான். எங்கள் ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை) சபையில் ஞானஸ்நானம் பெற்ற மூன்றாம் தலைமுறை நான். ஓய்வுநாள் பள்ளியில் படித்த லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத்தான் அந்த ஊர்ப் பிள்ளைகளும் படித்தார்கள். பத்து வருஷம் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு பிரானர்ஸில் சாமான் வாங்கினேன். இது தெரிந்தது போன வருஷம்தான்.

நிலா, நீங்கள் சொன்ன பவேரிய முகப்பு விஷயம் சரி. ஆனால் அந்த ஆலயத்தைப் பார்த்த பிறகு அந்த ஊரை வெறும் வேஷம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த வாரம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

சியாட்டில் சாரல் · டிசம்பர் 8

எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் இதே மாதிரி பவேரிய முகப்புகள் இருக்கும் லெவன்வொர்த் என்ற ஊர் பற்றியும் இரண்டு வரி. அங்கே ஜெர்மானியக் குடியேற்றம் எதுவும் கிடையாது. மரம் அறுக்கும் ஊர். 1920-களில் ரயில் பாதையை வேறு பக்கம் மாற்றினார்கள், மரமில் மூடியது, ஊர் படுத்துவிட்டது. 1960-களில் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, சுற்றிலும் மலை இருக்கிறதே, ஆல்ப்ஸ் கிராமம் மாதிரி மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்துத் தங்கள் கைக்காசைப் போட்டு முகப்புகளை மாற்றினார்கள். பிழைப்புக்காகச் செய்ததுதான், ஆனால் ஒரு ஊரே சேர்ந்து செய்தது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

நட்கிராக்கர் (கொட்டை உடைக்கும் கருவி) அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள், 7,000-க்கும் மேல் வைத்திருக்கிறார்கள். சியாட்டிலிலிருந்து வருபவர்கள் ஸ்டீவன்ஸ் பாஸ் வழியைப் பனிநிலவரம் பார்த்துவிட்டே கிளம்புங்கள், டயருக்குப் போடும் பனிச்செயின் காரில் இருக்கட்டும். ஆம்ட்ராக் ரயிலும் அங்கே நிற்கிறது.

நூரம்பெர்க் நிலா · டிசம்பர் 8

நாஞ்சிலான் அண்ணா, நாயன்டெட்டல்சாவ் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான். நேற்று உங்கள் பதிவைப் படித்ததும் வரைபடத்தில் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளி குன்ட்ஸென்ஹவுசன் என்ற ஊர் பிராங்கன்மூத்துக்குச் சகோதர நகரம், 1962-லிருந்து. அந்த வழியாக எத்தனையோ தடவை ஏரிக்குப் போயிருக்கிறேன், இது தெரியாமல். 'வேஷம்' என்ற தொனியில் நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ட்ராய் அப்பா · டிசம்பர் 17

மல்லிகை சொன்னதற்காக வியாழக்கிழமை போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். பெரியவனுக்குப் பிடித்தது பவேரியன் இன் கடிகார கோபுரம். மணி இசைக்கும்போது பொம்மைகள் சுழன்று வந்து ஹேமலின் குழலூதியின் கதையைச் சொல்லும். குளிரில் நின்று இரண்டு தடவை பார்த்தான். சின்னவளுக்குப் பிரானர்ஸில் ஒரு நட்சத்திரத்தில் ஆங்கிலத்தில் பெயர் எழுதித் தந்தார்கள், கண்முன்னாலேயே தூரிகையால். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்தில் அவளே தமிழில் எழுதிக்கொண்டாள், 'ழ' மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

காலையில் அந்த எட்டு மணி நடை போனேன், தனியாக. நீங்கள் சொன்னது புரிந்தது. அடுத்த வருஷம் தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் நடக்கும் மெழுகுவர்த்தி ஊர்வலத்துக்குப் போக வேண்டும் என்று இப்போதே மனைவி சொல்லிவிட்டாள்.

டோலிடோ நாஞ்சிலான் · டிசம்பர் 26

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். 22-ம் தேதி போய் 23 மதியம் திரும்பினோம். மெதுவாக எழுதுகிறேன், நேற்று முழுக்க வீட்டில் விருந்து.

முதலில் செயின்ட் லோரன்ஸ். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு, 'நம்ம கோயில் ஆல்டர் மாதிரிதான் இருக்கு, பெருசா இருக்கு' என்றார். வெளியே முதல் குடியேறிகள் கட்டிய மாதிரியே ஒரு மரக்குடிசை வைத்திருக்கிறார்கள். அதில்தான் குழந்தைகளுக்குப் பாடமும் ஆராதனையும் என்று சொன்னதும், தன் தாத்தா காலத்து ஓலைக்கூரைப் பள்ளியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். இதுவரை நான் கேட்டிராத கதை.

மறுநாள் காலை சிற்றாலயம். கடை திறந்த உடனே போனதால் எங்களைத் தவிர யாருமில்லை. அம்மா முக்காடு போட்டுக்கொண்டு தானாகவே தொடங்கினார், 'ஒப்பில்லா திரு இரா'. நம் பாமாலையில் இருக்கும் அதே பாட்டுதான், அதே மெட்டு. எனக்கு முதல் சரணத்துக்கு மேல் வரி வரவில்லை. அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம். நான் உளறின இடத்தில் நிறுத்தி, சொல்லிக்கொடுத்து, மறுபடி முதலிலிருந்து பாட வைத்தார். நாற்பத்து மூன்று வயதில்.

நாங்கள் தங்கியது ஒரு வீட்டு விடுதி. அம்மா ஊரிலிருந்து ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தார், கிளம்பும்போது வீட்டுக்கார அம்மாவுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டார். அவர் உள்ளே போய், தான் செய்த ஸ்டோலன் என்ற ஜெர்மன் கிறிஸ்துமஸ் ரொட்டி ஒன்றைச் சர்க்கரைத் தூளோடு காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். காரில் ஏறியதும் அம்மா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். "ஏலக்கா போட்டிருக்கா, மக்கா," என்றார். நிலா, உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஸ்காபரோ தோழி · டிசம்பர் 26

அண்ணை, வாசிக்கக் கண் கலங்கிப் போச்சுது. நாங்கள் 29-ம் திகதி வருகிறோம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்த வீட்டு விடுதி இருக்கும் தெருவை மட்டும் தனிமடலில் அனுப்புவீர்களா? கொடுக்கிறதுக்கு நாங்கள் பயத்தம் பணியாரம் சுடுகிறோம்.